பிங் போகுது, பக்கம் வரலை: கன்டெய்னர் கிளஸ்டரில் பிரிட்ஜ் அமைப்பது எப்படி?

போன செமஸ்டர், எங்க சிம்போசியத்துக்கு முந்தின நாள் ராத்திரி. ஆன்லைன் குவிஸ் போர்ட்டலைக் காசு கொடுத்து கிளவுடில் வைக்க வேண்டாம், லேப்ல சும்மா கிடக்கிற மூணு பழைய கம்ப்யூட்டரை ஒரு கிளஸ்டராக்கி ஓட்டிடலாம் என்று முன்வந்து சொன்னது எங்க டீம்தான். முதல் மெஷினில் வெப் சர்வர் கன்டெய்னர், இரண்டாவதில் அப்ளிகேஷன், மூன்றாவதில் டேட்டாபேஸ். எல்லாம் மேலே வந்தாச்சு. மூணு கன்டெய்னரும் ஒன்றையொன்று பிங் பண்ணினால் பதில் வருது. லாகின் ஆகுது. ஆனால் கேள்விப் பட்டியல் பக்கத்தைத் திறந்தால் அது சுத்திக்கிட்டே இருக்கு. பத்து தடவைக்கு ஒரு தடவை வருது, மீதி ஒன்பது தடவை தொங்குது.

மணி ஒன்று. காலை 9.30-க்கு நிகழ்ச்சி. ஃபயர்வாலை அணைச்சுப் பார்த்தோம், கேபிளை மாத்திப் பார்த்தோம், டேட்டாபேஸைத் திரும்ப நிறுவினோம். எதுவும் வேலைக்கு ஆகலை. காரணம் கடைசியில் ஒரு 50 பைட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, கன்டெய்னருக்குள் இருந்து ஒரு பாக்கெட் வெளியே வரும் வழியை முதலில் இருந்தே பார்த்துவிடலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்க. பக்கத்தில் மேன் பேஜைத் திறந்து வெச்சுக்கிட்டால் ஆப்ஷன்கள் எல்லாம் அதிலேயே இருக்கு.

பிரிட்ஜ் என்பது என்ன?

லேபில் ரேக்குக்குள் இருக்கும் சுவிட்சைப் பார்த்திருப்பீங்க. எட்டு, பதினாறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள். லினக்ஸ் பிரிட்ஜ் அதே சுவிட்ச்தான். ஒரே வித்தியாசம், அது கர்னலுக்குள் மென்பொருளாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச்.

அது செய்யும் வேலை ரொம்ப எளிமை. ஒரு ஃபிரேம் ஒரு போர்ட் வழியாக உள்ளே வந்தால், அதை அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, "இவர் இந்தப் பக்கம் இருக்கிறார்" என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். பிறகு பெறுநரின் மேக் முகவரி பட்டியலில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லை என்றால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். 300 விநாடி வரை ஒருவரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை என்றால், பட்டியலில் அவர் பெயரை அழித்துவிடும். இந்த 300 விநாடி லினக்ஸில் இயல்பு மதிப்பு.

"வந்த போர்ட்டைத் தவிர" என்ற சொல்லை மனசில் வெச்சுக்கோங்க. பின்னாடி அது ஒரு இடத்தில் நம்ம காலை வாரும்.

இதோடு இன்னும் இரண்டு பேர் கூட்டாளிகள். ஒன்று, நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். ஒரே கர்னலுக்குள் தனி இன்டர்ஃபேஸ், தனி ரூட்டிங் டேபிள், தனி ஐபி-டேபிள்ஸ் விதிகள் கொண்ட தனி அறை. கன்டெய்னர் என்று நாம் சொல்வது, நெட்வொர்க்கைப் பொறுத்தவரை இந்த அறைதான். இரண்டாவது, வீத் ஜோடி. இரண்டு முனை கொண்ட ஒரு மென்பொருள் கேபிள். ஒரு முனையில் போட்டது மறுமுனையில் விழும். ஒரு முனையை அழித்தால் மறுமுனையும் சேர்ந்து போய்விடும்.

நேம்ஸ்பேஸ், வீத், பிரிட்ஜ் மூன்றுமே 2013-ல் டாக்கர் வருவதற்கு முன்பே லினக்ஸில் இருந்தவை. டாக்கர் அவற்றை ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுத்தது. அதனால்தான் டாக்கரே இல்லாமல் நாம் இதைக் கையால் கட்ட முடிகிறது.

கையால் ஒரு தடவை கட்டிப் பாருங்க

உங்க லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் போதும். ரூட் அனுமதி வேணும்.

முதலில் "ஐபி நெட்என்எஸ்" கட்டளையால் இரண்டு நேம்ஸ்பேஸ் உருவாக்குங்க. ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் என்று பெயர் வைக்கலாம். அடுத்து "ஐபி லிங்க்" கட்டளையால் பிரிட்ஜ் வகையில் ஒரு இன்டர்ஃபேஸ் உருவாக்கி, அதை 'அப்' நிலைக்குக் கொண்டு வாங்க. பெயரைச் சின்னதாக வையுங்க. லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகாது. ஆசைப்பட்டுச் சிம்போசியம் பெயரை முழுசாக வைத்து, அது ஏற்காமல் ஐந்து நிமிஷம் முழித்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

இப்போ ஆளுக்கு ஒரு வீத் ஜோடி. ஒரு முனையை நேம்ஸ்பேஸுக்குள் தள்ளி, மறுமுனையை பிரிட்ஜில் செருகணும். செருகுவது என்றால், அந்த முனைக்கு 'மாஸ்டர்' இந்தப் பிரிட்ஜ் என்று சொல்வது, அவ்வளவுதான். பிறகு சிவப்புக்குள் 10.20.1.2/16, நீலத்துக்குள் 10.20.1.3/16 என்று முகவரி கொடுத்து, எல்லா முனைகளையும் 'அப்' பண்ணுங்க. இங்கேதான் நிறையப் பேர் தவறுவாங்க. நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் முனையும், வெளியே பிரிட்ஜில் இருக்கும் முனையும், பிரிட்ஜும், மூன்றும் மேலே இருக்கணும். ஒன்று கீழே இருந்தாலும் பிங் வராது.

சிவப்பிலிருந்து நீலத்துக்குப் பிங் போனால் பாதி வேலை முடிந்தது. வெளியுலகம் இன்னும் தெரியாது. அதற்கு மூன்று வேலை பாக்கி:

1. பிரிட்ஜுக்கே ஒரு முகவரி கொடுங்க, 10.20.1.1/16 என்று. இப்போ பிரிட்ஜ் வெறும் சுவிட்ச் இல்லை. நம்ம மெஷினும் அதில் ஒரு ஆளாகச் சேர்ந்துவிட்டது. நேம்ஸ்பேஸ்களுக்குள் இயல்பு வழியாக இந்த முகவரியைப் போடுங்க.

2. கர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்க. இல்லையென்றால் தனக்கு வராத பாக்கெட்டை நம்ம மெஷின் கீழே போட்டுவிடும்.

3. ஐபி-டேபிள்ஸில் மாஸ்கரேடு விதி ஒன்று. 10.20-ல் தொடங்கும் முகவரி வெளியே தெரியாது, பதில் திரும்பி வராது. அதனால் வெளியே போகும்போது மெஷினின் முகவரியைப் போட்டு அனுப்பணும். ஆனால் 10.20.0.0/16-க்குள்ளேயே போகும் பாக்கெட்டுக்கு இந்த விதி பொருந்தக் கூடாது என்று விதிவிலக்கு வையுங்க. இல்லையென்றால் கன்டெய்னர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண முடியாமல் போகும். யார் கேட்டாலும் "கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் கேட்டார்" என்றே லாகில் பதிவாகும்.

டாக்கர் நிறுவினால் டாக்கர்-0 என்று ஒரு பிரிட்ஜ் தானாக வருதே, 172.17.0.1 முகவரியோடு; அது இதே மூன்று வேலையும் முடித்த பிரிட்ஜ்தான்.

டாக்கர் ஏற்கெனவே உள்ள மெஷினில் இந்தச் சோதனை செய்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1.13 பதிப்பிலிருந்து டாக்கர், ஐபி-டேபிள்ஸின் ஃபார்வர்டு சங்கிலியின் இயல்புக் கொள்கையை 'டிராப்' ஆக்கி வைக்கிறது. உங்க சொந்த பிரிட்ஜின் பாக்கெட்டுகள் அங்கே செத்துப் போகலாம். முதலில் அந்தச் சங்கிலியைப் பாருங்க, உங்க பிரிட்ஜுக்கு அனுமதி விதி சேருங்க.

ஒரு மெஷின் மூன்றாகும்போது

தலைவலி இங்கேதான் ஆரம்பிக்குது. மூணு மெஷினிலும் டாக்கர்-0 இருக்கு. மூன்றுக்கும் ஒரே 172.17.0.0/16. முதல் மெஷினில் ஒரு 172.17.0.2, இரண்டாவதில் ஒரு 172.17.0.2. ஊரில் மூன்று தெருவுக்கும் ஒரே பெயர், ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் கிளஸ்டரின் முதல் விதி: ஒவ்வொரு நோடுக்கும் தனி முகவரித் துண்டு. நாங்கள் முதல் மெஷினுக்கு 10.20.1 வரிசை, இரண்டாவதுக்கு 10.20.2, மூன்றாவதுக்கு 10.20.3 என்று பிரித்தோம்.

முகவரி பிரிந்தாச்சு. மூணு பிரிட்ஜையும் எப்படி இணைப்பது? மூன்று வழி உண்டு.

முதல் வழி, நிஜ நெட்வொர்க் கார்டையே பிரிட்ஜில் செருகுவது. கன்டெய்னர்கள் நேரடியாக லேப் நெட்வொர்க்கில் வந்து உட்காரும். கேட்க எளிமையாக இருக்கு, இல்லையா? நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஹாஸ்டலில் இருந்தபடி எஸ்எஸ்ஹெச் வழியாக லேப் மெஷினுக்குள் போய், ஈத்-0-வை பிரிட்ஜில் செருகினேன். அந்த நொடியே இணைப்பு அறுந்தது. ஒரு கார்டு பிரிட்ஜின் போர்ட் ஆனபின், அதன் மேல் இருக்கும் ஐபி முகவரி வேலை செய்யாது. முகவரியும் இயல்பு வழியும் பிரிட்ஜின் மேல் இருக்கணும். கட்டளைகளை ஒன்றொன்றாக அடித்தால் நடுவில் கதவு சாத்திக்கொள்ளும். முகவரியை நகர்த்துவது, வழியைச் சேர்ப்பது எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் எழுதி ஒரே மூச்சில் ஓட்டணும். இல்லையென்றால், என்னைப் போல மறுநாள் காலை லேப் திறக்கும்வரை காத்திருக்கணும்.

இந்த வழியில் வேறு சிக்கலும் உண்டு. ஒரு போர்ட்டில் இத்தனை மேக் முகவரிதான் என்று கல்லூரி சுவிட்சில் கட்டுப்பாடு வைத்திருந்தால், பத்து கன்டெய்னர் வந்ததும் போர்ட்டையே மூடிவிடலாம். லேப்டாப் வைஃபை கார்டை பிரிட்ஜில் செருக நினைத்தால் பொதுவாக அது ஏற்காது. சாதாரண வைஃபை இணைப்பில், ஆக்சஸ் பாயின்ட் உங்க கார்டின் ஒரு மேக் முகவரியை மட்டும்தான் ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாம் வழி, வெறும் ரூட்டிங். முதல் மெஷினின் ரூட்டிங் டேபிளில் "10.20.2.0/24 வேண்டுமென்றால் 192.168.5.12-க்குப் போ" என்று ஒரு வரி, மூன்றாவதுக்கு ஒரு வரி. மற்ற மெஷின்களிலும் அப்படியே. இதற்கு கன்டெய்னர்களின் முகவரி /16 ஆக இல்லாமல் /24 ஆக இருக்கணும். கூடுதல் சுமை எதுவும் இல்லை, வேகமும் அதிகம். மூணு மெஷினும் ஒரே சுவிட்சில் இருந்தால் இதுவே போதும். நடுவில் வேறொரு ரூட்டர் வந்தால் மட்டும் சிக்கல். அந்த ரூட்டருக்கு 10.20 வரிசை எதுவும் தெரியாது.

மூன்றாம் வழி, விஎக்ஸ்லான். கன்டெய்னரின் முழு ஈதர்நெட் ஃபிரேமையும் ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் மடித்து வைத்து, மற்ற மெஷினுக்கு அனுப்பிவிடுவது. அங்கே பிரித்து, அந்த பிரிட்ஜில் போடுவது. தபால் உறைக்குள் இன்னொரு தபால் உறை. 2014-ல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளிவந்தது. பழைய விலானில் 12 பிட் எண், அதனால் சுமார் நாலாயிரம் நெட்வொர்க்தான். விஎக்ஸ்லானில் 24 பிட், அதாவது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். இதற்கான அதிகாரபூர்வ போர்ட் எண் 4789. லினக்ஸ் கர்னலின் பழைய இயல்பு எண் 8472. ஒரு மெஷினில் அது, இன்னொன்றில் இது என்று இருந்தால் பேச்சே நடக்காது. ஃபயர்வாலில் திறக்கும்போதும் இந்த எண்ணை யுடிபி என்று திறங்க. டிசிபி என்று திறந்துவிட்டு அரை மணி நேரம் தேடாதீங்க.

நாங்கள் எடுத்தது மூன்றாம் வழி. எங்க மூணு மெஷினில் ஒன்று பக்கத்து லேபில், வேறு சப்நெட்டில் இருந்தது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு விஎக்ஸ்லான் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, அதை பிரிட்ஜில் ஒரு போர்ட்டாகச் செருகினோம். யாருக்கென்று தெரியாத ஃபிரேமை மற்ற இரண்டு மெஷினுக்கும் அனுப்பு என்று, "பிரிட்ஜ் எஃப்டிபி" கட்டளையால் எல்லாம் பூஜ்யமான மேக் முகவரிக்கு இரண்டு வரி சேர்த்தோம்.

ஒன்றைச் செய்யாதீங்க: 1-2, 2-3, 3-1 என்று மூன்று தனித்தனிச் சுரங்கம் போட்டு, எல்லாவற்றையும் பிரிட்ஜில் செருகாதீங்க. முக்கோணம் ஆகிவிடும். ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் அந்த முக்கோணத்தில் சுத்திச் சுத்தியே நெட்வொர்க்கை மூழ்கடித்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில், ஐபி பாக்கெட்டில் இருப்பது போல ஆயுள் எண் கிடையாது, தானாகச் சாகாது. இந்தச் சுழலைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-ல் ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். லினக்ஸ் பிரிட்ஜில் அது உண்டு, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும்.

அந்த 50 பைட்

இப்போ ராத்திரி ஒரு மணிக்குத் திரும்புவோம்.

சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, அதாவது எம்டியு, 1500 பைட். நம்ம கன்டெய்னர் ஃபிரேமை உறைக்குள் போடும்போது வெளி உறைக்கும் இடம் வேணும். வெளி ஐபி தலைப்பு 20, யுடிபி தலைப்பு 8, விஎக்ஸ்லான் தலைப்பு 8, உள்ளே மடித்த ஃபிரேமின் ஈதர்நெட் தலைப்பு 14. கூட்டினால் 50. ஆக, கன்டெய்னர் அனுப்பும் பாக்கெட் 1450-க்குள் இருந்தால்தான் உறையோடு சேர்ந்து 1500-க்குள் அடங்கும்.

விஎக்ஸ்லான் இன்டர்ஃபேஸ் இதைத் தெரிந்துகொண்டு தன் எம்டியுவைத் தானே 1450 ஆக்கிக்கொண்டது. ஆனால் கன்டெய்னருக்குள் இருக்கும் வீத் முனை? அது பிறந்ததிலிருந்து 1500 தான். அதற்கு யாரும் சொல்லவில்லை.

டேட்டாபேஸ் கன்டெய்னர் கேள்விப் பட்டியலை அனுப்புது. தன் எம்டியு 1500 என்று நம்பி, 1500 பைட் பாக்கெட்டாக வெட்டி அனுப்புது. அது பிரிட்ஜுக்கு வருது. வெளியே போக வேண்டிய போர்ட்டில் 1450-க்கு மேல் இடமில்லை. இதுவே ஒரு ரூட்டராக இருந்திருந்தால், பாக்கெட் பெருசாக இருக்கு, சின்னதாக அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். பிரிட்ஜ் அப்படி இல்லை. அது இரண்டாம் அடுக்கில் வேலை செய்யும் சுவிட்ச். பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும், திரும்ப அனுப்பும், அதுவும் கீழே விழும்.

பிங் 84 பைட் பாக்கெட், அதனால் போச்சு. லாகின் விசாரணை சில நூறு பைட், அதுவும் போச்சு. பட்டியல் மட்டும் பெருசு. அப்புறம் ஏன் பத்தில் ஒரு தடவை வந்தது? வேகத்துக்காகக் கர்னல் பல துண்டுகளை ஒரே பெரிய கட்டாக நகர்த்தும் ஆஃப்லோடு வசதி உண்டு. அப்படிப் போகும் கட்டு சில நேரம் இந்தச் சோதனையில் மாட்டாமல் தப்பிவிடும். பிழை எப்போதுமே வந்திருந்தால் சீக்கிரம் பிடித்திருப்போம். வந்து வந்து போனதால்தான் டேட்டாபேஸ் மேல் சந்தேகப்பட்டோம்.

கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். பிங்கில் துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனைப் போட்டு, அளவை மாற்றி மாற்றி அனுப்புங்க. பிங்கில் நாம் சொல்லும் அளவோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேரும். 1422 என்று கொடுத்தால் மொத்தம் 1450, அது போச்சு. 1423 கொடுத்தோம், செத்துப் போச்சு. அந்த ஒரு பைட்டைப் பார்த்த நிமிஷம் எல்லாம் விளங்கியது.

தீர்வு ஒரே வரி: எல்லா கன்டெய்னரிலும் வீத் ஜோடியின் இரு முனைகளையும் 1450 ஆக்கினோம். அதன்பின் டிசிபி கைகுலுக்கலின்போதே "எனக்கு 1410 பைட்டுக்கு மேல் ஒரே துண்டில் அனுப்பாதே" என்று இரு பக்கமும் பேசிக்கொள்ளும். பக்கம் உடனே வந்தது. டாக்கரில் இதைச் செய்பவர்கள் கவனிக்க: டீமன் அமைப்புக் கோப்பில் எம்டியு போட்டால் அது இயல்பு பிரிட்ஜுக்கு மட்டும்தான். நீங்களாக உருவாக்கும் நெட்வொர்க்குக்கு, உருவாக்கும்போதே தனியாகச் சொல்லணும்.

குபெர்னெட்டிஸ் வந்தால் இதெல்லாம் தானாக நடக்குமா?

பெரும்பாலும் நடக்கும். அதனால்தான் கெட்டால் யாருக்கும் புரிவதில்லை.

குபெர்னெட்டிஸ் நெட்வொர்க்கிடம் கேட்பது முக்கியமாக ஒன்று: ஒவ்வொரு பாடுக்கும் தனி முகவரி, எந்த நோடில் இருந்தாலும் முகவரி மாற்றம் இல்லாமல் மற்ற எந்தப் பாடையும் அடைய முடியணும். அதை எப்படிச் செய்வது என்பதை சிஎன்ஐ பிளகின்களிடம் விட்டுவிடுகிறது. அதில் பிரிட்ஜ் என்றே ஒரு பிளகின் உண்டு. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் நாம் கையால் செய்ததெல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கும்: பிரிட்ஜின் பெயர், அதற்கு கேட்வே முகவரி வேணுமா, மாஸ்கரேடு வேணுமா, எம்டியு எவ்வளவு, எந்தத் துண்டிலிருந்து முகவரி எடுக்கணும். முகவரி பங்கிடுவது ஹோஸ்ட்-லோக்கல் என்ற தனி பிளகின். அது அந்த ஒரு நோடுக்குள் மட்டும் கணக்கு வைக்கும். மூன்று நோடிலும் ஒரே கோப்பை காப்பி அடித்தால் ஒரே முகவரி மூன்று இடத்தில் முளைக்கும். துண்டு எண்ணை நோடுக்கு நோடு மாற்றணும். நோடுகளுக்கு இடையிலான வழியையும் நீங்களே சேர்க்கணும்.

ஃபிளானல் போன்றவை இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 10.244.0.0/16-ஐ எடுத்து நோடுக்கு ஒரு /24 பிரித்துத் தரும். சிஎன்ஐ-0 என்ற பிரிட்ஜ் வரும். நோடுகளுக்கு நடுவே விஎக்ஸ்லான் போடும். எம்டியுவையும் 1450 என்று சரியாக வைக்கும். அப்படியும் மாணவர் கிளஸ்டர்களில் திரும்பத் திரும்ப வரும் நான்கு கோளாறுகள் இவை.

முதலாவது, விர்ச்சுவல்பாக்ஸ் கோளாறு. ஒரே லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் வைப்போம். அதன் நாட் வகை கார்டில் மூன்றுக்குமே 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான் இயல்பாக வரும். ஃபிளானல் இயல்பு வழி இருக்கும் கார்டைத் தேர்ந்தெடுக்கும். மூன்று நோடும் "என் முகவரி 10.0.2.15" என்று அறிவிக்கும். ஒரே நோடில் உள்ள பாடுகள் பேசும், நோடு தாண்டினால் பேசாது. ஹோஸ்ட்-ஒன்லி கார்டின் பெயரை ஃபிளானலுக்கு வெளிப்படையாகச் சொன்னால் சரியாகும்.

இரண்டாவது, பழைய பிரிட்ஜின் பேய். கிளஸ்டரைக் கலைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கும்போது நோடுக்குப் புதிய துண்டு கிடைக்கும். ஆனால் பழைய முகவரியோடு சிஎன்ஐ-0 அப்படியே உட்கார்ந்திருக்கும். "சிஎன்ஐ-0-வுக்கு ஏற்கெனவே வேறு முகவரி இருக்கு" என்று பிழை வந்து பாடுகள் தொடங்காமல் நிற்கும். அந்த பிரிட்ஜை அழித்துவிடுங்க, புதுசாக வரும். சிஎன்ஐ அமைப்பு அடைவில் பழைய கோப்பு ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்க. பல கோப்பு இருந்தால் அகர வரிசையில் முதலில் வருவதுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சர்வீஸ் முகவரியைக் கூப்பிட்டால், பதில் தரும் பாட் வேறு நோடில் இருந்தால் வேலை செய்யுது. ஒரே நோடில் இருந்தால் செய்யலை! தலைகீழாக இருக்கு, இல்லையா? நடப்பது இது. அ என்ற பாட் சர்வீஸ் முகவரிக்கு அனுப்புகிறது. நோடின் ஐபி-டேபிள்ஸ் அதை ஆ என்ற பாடின் முகவரியாக மாற்றி அனுப்புகிறது. ஆ பதில் எழுதும்போது பார்க்கிறது: அ என் தெருவிலேயே, இதே பிரிட்ஜில்தான் இருக்கு. நேராக பிரிட்ஜ் வழியாகக் கொடுத்துவிடுகிறது. ஐபி-டேபிள்ஸ் பக்கமே போகவில்லை. முகவரியைத் திரும்ப மாற்றுவதற்கு ஆள் இல்லை. அ பார்க்கிறது: நான் கடிதம் போட்டது சர்வீஸுக்கு, பதில் யாரோ ஆ என்பவரிடமிருந்து வருதே! தூக்கி எறிந்துவிடுகிறது. இதற்குத்தான் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கர்னல் மாட்யூல். அதை ஏற்றி, பிரிட்ஜ் பாக்கெட்டையும் ஐபி-டேபிள்ஸுக்குக் காட்டு என்ற அமைப்பை 1 ஆக்கினால், பிரிட்ஜுக்குள்ளேயே போகும் பாக்கெட்டும் கணக்கில் வரும். நிறுவல் வழிகாட்டிகளில் ஏன் என்று சொல்லாமலே இந்த வரியை அடிக்கச் சொல்வாங்க; நாமும் அடிச்சிருப்போம். மறக்காமல், ரீபூட் ஆனாலும் மாட்யூல் ஏறும்படி மாட்யூல் பட்டியல் கோப்பில் எழுதி வையுங்க. நேற்று ஓடிய கிளஸ்டர் மின்தடைக்குப் பின் ஓடாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நான்காவது, ஒரு பாட் தன் சொந்த சர்வீஸ் வழியாகத் தன்னையே கூப்பிடுவது. பாக்கெட் வந்த போர்ட் வழியாகவே திரும்பிப் போகணும். ஆனால் "வந்த போர்ட்டைத் தவிர" என்பதல்லவா பிரிட்ஜின் விதி! அந்தப் போர்ட்டுக்கு ஹேர்பின் முறையை இயக்கினால் திருப்பி அனுப்பும். பிரிட்ஜ் பிளகினில் அதற்கு ஒரு வரி இருக்கு.

எந்த வரிசையில் தேடணும்?

அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் லேப் சுவரில் ஒட்டி வைத்த பட்டியல் இது. மேலிருந்து கீழே போங்க, நடுவில் தாவாதீங்க.

1. கன்டெய்னருக்குள் முகவரியும் இயல்பு வழியும் இருக்கா? இன்டர்ஃபேஸ் மேலே இருக்கா?
2. தன் பிரிட்ஜின் முகவரிக்குப் பிங் போகுதா? இல்லையென்றால் வீத் அல்லது பிரிட்ஜ் இணைப்பில் கோளாறு.
3. அதே நோடில் உள்ள இன்னொரு கன்டெய்னருக்குப் போகுதா? இல்லையென்றால் ஃபார்வர்டு சங்கிலியைப் பாருங்க.
4. அடுத்த நோடின் நிஜ முகவரிக்குப் போகுதா? இல்லையென்றால் ஐபி ஃபார்வர்டிங், மாஸ்கரேடு.
5. அடுத்த நோடில் உள்ள கன்டெய்னருக்குப் போகுதா? இல்லையென்றால் வழி, விஎக்ஸ்லான் போர்ட், ஃபயர்வால், முகவரி மோதல்.
6. அதே இடத்துக்குப் பெரிய பிங் போகுதா? இல்லையென்றால் எம்டியு.
7. சர்வீஸ் முகவரி வேலை செய்யுதா? இல்லையென்றால் பிஆர்-நெட்ஃபில்டர், ஹேர்பின்.

எங்கே பாக்கெட் காணாமல் போகுது என்று தெரியலையென்றால் டிசிபி-டம்ப் ஓட்டுங்க. வீத் முனையில் ஒன்று, பிரிட்ஜில் ஒன்று, விஎக்ஸ்லானில் ஒன்று, நிஜ கார்டில் ஒன்று என்று நான்கு டெர்மினல். எந்த டெர்மினல் வரை பாக்கெட் தெரியுதோ, அதற்கு அடுத்த இடத்தில்தான் கோளாறு. யூகத்தில் டேட்டாபேஸை அழித்து நிறுவுவதைவிட இது பத்து மடங்கு வேகம். அழித்தவர்கள் சொல்றோம், நம்புங்க.

ஒரே பிரிட்ஜில் இருக்கும் கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே அறையில் இருப்பவர்கள் மாதிரி. தடுப்பு எதுவும் வைக்காவிட்டால் யாரும் யாரிடமும் பேசலாம். குபெர்னெட்டிஸில் நெட்வொர்க் பாலிசி எழுதினால் தடுக்கலாம், ஆனால் ஃபிளானல் தானாக அதை அமல்படுத்தாது. கோப்பை எழுதிவிட்டு, பூட்டிவிட்டோம் என்று நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க.

குவிஸ் 9.30-க்கு ஆரம்பிக்கலை, 9.50 ஆச்சு. தாமதத்துக்குக் காரணம் புரொஜெக்டர் கேபிள். எங்க பிரிட்ஜ் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இன்றைக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்க லேப்டாப்பில் சிவப்பும் நீலமும் கட்டிப் பாருங்க. பிங் போனதும் நிறுத்திடாதீங்க. ஒரு வீத் முனையின் எம்டியுவை வேணும்னே குறைத்து, பெரிய பிங் அனுப்பிப் பாருங்க. அது எப்படிச் சாகுது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், நாளைக்கு டெமோவில் பக்கம் தொங்கும்போது கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.